கண்டக்டர் சீட்

பால் சங்கத்து மிசின் செத்ததை முதலில் காதுதான் சொல்லும். குளிர்தொட்டிக்கு அடியில் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும் கம்ப்ரசர் ஒரு தும்மல் போட்டுவிட்டு அடங்கும். அதற்குப் பிறகுதான் திரை கறுத்துக் கிடப்பது கண்ணில் படும். அன்று காலை மலையாண்டி அந்த மிசினுக்கு முன்னாலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். தும்மல் கேட்டதும் மடிக்கணினியை எடுத்து மடியில் வைத்தான்.

தராசில் கேனை வைத்துவிட்டு நிமிர்ந்த சோணையம்மாள் இரண்டு கையையும் எல்லோரும் பார்க்கிற மாதிரி விரித்துக் காட்டினாள்.

"பாத்துக்க மருமகனே. நான் கேனத்தான் வச்சேன். பொத்தானத் தொடல, ஒயரத் தொடல."

"நீ தொடவே வேணாம்த்தா. வந்து நின்னாலே போதும், அதுக்குச் சீவன் போயிருது," என்று வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"எவன்டா அவன்? உன் வீட்டு எருமைக்கு மடி கட்டுனப்ப இதே கைதான வந்து உருவி விட்டுச்சு? அப்ப நல்லா இருந்துச்சாக்கும்."

மலையாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. தன் மடிக்கணினியை மிசினோடு இணைத்து அவசரமாகக் கோப்பைத் திறந்தான். முந்தின நாள் பகல் முழுக்கச் செலவழித்து, இந்தத் தடவை செத்தால் காரணம் தெரிந்துவிடும் என்று ஏற்பாடு செய்துவைத்திருந்தான். கோப்பில் கடைசியாக, ஓர் எண்ணுக்குப் பால் அளந்த வழக்கமான வரி இருந்தது. அதற்குக் கீழே வெறுமை.

சங்கச் செயலாளர் பாண்டியராஜன் எழுந்து போய், மிசின் இல்லாமலே கம்ப்ரசரை ஓட்டுகிற கைச் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தார். உறவுமுறையில் மலையாண்டிக்கு மாமா. அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. மெதுவாகப் பேசினார்.

"மாப்ள, மிசினு சாகட்டும். மனுசனே சாகுறான். ஆனா என்னத்தால செத்தான்னு கேட்டா ஒரு வார்த்த சொல்லணும்ல? ஒரு வாரமா தெரியல, தெரியலங்குற. சாயந்தரம் பால் வண்டி வர்றதுக்குள்ள காரணத்தச் சொல்லு. சொல்லிட்டா மிசினு இருக்கட்டும். சொல்ல முடியலன்னா அந்த வண்டியிலயே ஏத்தி விட்டுர்றேன். பழைய தராசு இன்னும் பரண் மேலதான் கெடக்கு."

"கண்டுபிடிச்சிருவேன் மாமா."

"நேத்தும் இதையேதான் சொன்ன."

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. பாலை நிறுப்பது, கொழுப்பைப் பார்ப்பது, சீட்டு அச்சடிப்பது, தொட்டியைக் குளிரவைப்பது எல்லாவற்றையும் அந்த மிசினுக்குள் ஓடும் ஒரே புரோகிராம்தான் பார்த்துக்கொண்டது. அது செத்தால் குளிரும் நிற்கும். போன வாரம் முதல்முறை அது செத்தபோது, கூடவே குளிரும் நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. வண்டிக்காரர் வந்து மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். ஊரே கறந்த பாலை ஓடையில் திறந்துவிட்டார்கள். வெள்ளையாக ஓடிய ஓடையைப் பார்த்துப் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்கள். மலையாண்டியும் அந்தக் கரையில்தான் நின்றான். ஒருவரும் அவனைத் திட்டவில்லை. "படிச்ச புள்ள போட்ட மிசினு," என்று மட்டும் யாரோ சொன்னார்கள். அந்தப் பேச்சுதான் இன்னும் முள்ளாக நின்றது.

படித்த பிள்ளை என்பது அந்தத் தெருவில் சின்ன வார்த்தை இல்லை. சமணமலைக்கு மேற்கே, கண்மாய்க்கரை ஓரத்தில் இருக்கிற அந்தத் தெருவில் பி.இ. முடித்த முதல் ஆள் அவன்தான். அவன் அப்பா காளைக்குக் கையெழுத்து மட்டும் தெரியும். கல்லூரியில் வருகைப் பதிவில் 'மலையாண்டி' என்று வாசித்தபோது வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. செத்துப்போன தாத்தாவின் பெயர் அது. வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி அவனை யாரும் கூப்பிட்டதே இல்லை. மாமனார் பெயரை அம்மா வாயில் எடுக்கமாட்டாள். அப்பா தன் தகப்பன் பெயரைச் சொல்லி ஏவுவதா என்று "அய்யா" என்றே கூப்பிடுவார். அப்படிப்பட்டவன் பெங்களூருக்கும் சென்னைக்கும் போகாமல் மதுரையிலேயே ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்து, தான் எழுதிய புரோகிராமைத் தன் ஊர்ச் சங்கத்துக்கே முதலில் கொண்டுவந்தான். மிசினுக்கு மாலை போட்டுச் சூடம் காட்டினார்கள். இன்று சாயந்தரம் அதைப் பால் வண்டியில் ஏற்றினால், ஊர் இருக்கும் வரைக்கும் அந்தக் கதை இருக்கும்.

பைக்கை எடுத்துக்கொண்டு மதுரை ஆனையூருக்கு ஓடினான். தையல் கடைக்கு மேல் இருந்தது அலுவலகம். முதலாளி கிரிதர் மதுரை டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர், பெங்களூரில் சில வருசம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவரும் புரோகிராம் எழுதுகிறவர்தான். மலையாண்டியின் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்.

"என்ன மலை, திரும்பவும் செத்துடுத்தா?"

"ஆமா சார். ஒரு வார்த்தகூடச் சொல்லல."

"நேத்து கண்டக்டர் சீட் போட்டாச்சு, இனிமே தப்பவே தப்பாதுன்னியே."

கண்டக்டர் சீட் என்பது மலையாண்டியின் சொந்த விளக்கம். ஓடுகிற புரோகிராம் தன் வேலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். ஒரு வேலையின் நடுவில் இன்னொன்று வந்தால் முதலாவதை அப்படியே வைத்துவிட்டு அதன்மேல் அடுத்ததை வைக்கும். முடிந்ததை மேலிருந்து எடுக்கும். அந்த அடுக்குக்குத்தான் ஸ்டாக் என்று பெயர். அடுக்குக்கு ஓர் உயரம் உண்டு. அதைத் தாண்டி வைக்கப்போனால், எல்லாவற்றையும் மேய்க்கிற கெர்னல் ஒரு தட்டு தட்டும். அந்தத் தட்டலுக்கு சிக்னல் என்று பெயர். தட்டியதும் விழித்துக்கொண்டு, கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கோப்பில் எழுதிவிட்டுச் சாவதற்கு ஒரு சின்னப் பகுதியை அவன் தனியாக எழுதிவைத்திருந்தான். மரண வாக்குமூலம் மாதிரி. ஆனால் அந்தச் சின்னப் பகுதி ஓடுவதற்கும் அதே அடுக்கில்தான் இடம் வேண்டும். அடுக்கே நிறைந்து வழிகிறபோது வாக்குமூலம் கொடுக்க வாய் திறக்கக்கூட இடமில்லை.

"திருவிழா நாள்ல டவுன் பஸ்ஸப் பாத்திருப்பீங்கள்ல சார்," என்று முந்தின நாள் அவன் விளக்கியிருந்தான். "உள்ள ஆள் நெருக்குற நெருக்குல கண்டக்டருக்கு விசில வாய்க்குக் கொண்டுபோக முடியாது. விசில் இல்லாம டிரைவர் பஸ்ஸ விட்டுருவாரு. அதுக்குத்தான் கண்டக்டருக்குன்னு தனி சீட். எம்புட்டுக் கூட்டம்னாலும் அதுல வேற ஆள் ஒக்காரக் கூடாது." சாகிற நேரத்துக்கென்றே ஒதுக்கிவைக்கிற அந்த மாற்று அடுக்கைக் கெர்னலிடம் பதிவு செய்கிற கட்டளைக்கு சிக்-ஆல்ட்-ஸ்டாக் என்று பெயர். அதைப் போட்டு, சிக்னல் வந்தால் அந்த இடத்தில்தான் ஓட வேண்டும் என்று கொடியும் கட்டிவிட்டுத்தான் நேற்று ஊருக்குப் போனான்.

கிரிதர் அவன் எழுதியதைத் திரையில் மேலும் கீழும் உருட்டினார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒதுக்கின இடம் இருக்கு, கொடி இருக்கு." திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "மலை, எந்த பஸ்ல சீட் போட்டே?"

"புரியல சார்."

"உன் புரோகிராம்ல ஓடறது ரெண்டு பஸ்ஸாச்சே."

மலையாண்டி நெற்றியில் அடித்துக்கொண்டான். ஆம், இரண்டு. ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடுகிற இரண்டு வேலைச் சரடுகள், திரெட்டுகள். ஒரு திரெட் முன்னால் நின்று பாலை அளந்து சீட்டைக் கொடுக்கும். இன்னொன்று பின்னால் இருந்துகொண்டு, ஒருவர் நகர்ந்து அடுத்தவர் கேனை வைக்கிற இடைவெளியில், அளந்த பாலை யார் பங்கில் சேர்ப்பது என்று பார்க்கும். ஒவ்வொரு திரெட்டுக்கும் தனி அடுக்கு. கண்டக்டர் சீட்டும் அப்படித்தான், தனித்தனியாகப் போடவேண்டும். அவன் முன்னால் போகிற பஸ்ஸில் சீட்டைப் போட்டுவிட்டு, பின்னால் வருகிற பஸ்ஸில் விசிலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப சாகுறது பின்னால இருக்குற திரெட்டு," என்றான்.

"ஏன் சாகறதுன்னு இன்னும் தெரியாது. சொல்லிட்டுச் சாகறதுக்கு வழி பண்ணு, போ."

இரண்டாவது திரெட் தொடங்குகிற இடத்திலேயே அதற்கென்று ஒரு மாற்று அடுக்கை ஒதுக்கினான். கடைசியாகத் தேடிய பெயர்களைத் தனியே ஓரிடத்தில் குறித்துக்கொண்டே வரச் செய்தான். சாகும்போது அவற்றை அப்படியே கோப்பில் கொட்டினால் போதும். அலுவலகத்திலேயே வேண்டுமென்று அடுக்கை நிரப்பிப் பார்த்தான். செத்தது. சாவதற்கு முன் எழுதியது. கிரிதர் கைதட்டினார். மலையாண்டி சாப்பிடாமலே வண்டியைக் கிளப்பினான்.

சாயந்தரப் பால் ஆரம்பித்தபோது மிசினுக்குள் புதுப் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. பாண்டியராஜன் வாசலில் நாற்காலி போட்டுச் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராக வந்தார்கள், உறுப்பினர் அட்டையைக் காட்டினார்கள், கேனை வைத்தார்கள், சீட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். கம்ப்ரசர் உறுமியது. மலையாண்டி அதன் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தான். தான் எழுதியது சாகவேண்டும் என்று ஒருவன் வேண்டிக்கொள்வது எங்காவது உண்டா? அவன் வேண்டிக்கொண்டான். சாகாவிட்டால் சொல்வதற்குக் காரணம் இருக்காது. காரணம் இல்லாவிட்டால் வண்டியில் ஏறுகிற முதல் சாமான் மிசின்.

சோணையம்மாள் வந்தாள். வரிசை தானாக விலகி அவளைப் பார்த்தது. வேண்டுமென்றே மெதுவாக ஊற்றினாள். சீட்டு வந்தது. அவள் அசையாமல் நின்றாள். அடுத்த ஆள் ஊற்றினான். அதற்கடுத்தவனும் ஊற்றினான். ஒன்றும் ஆகவில்லை.

"காலையில வச்ச அதே கைதான்," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "இப்ப ஏன் சாகல? சொல்லுங்கப்பா. கையில வெசம் காலைல மட்டும்தான் ஊறுமோ?"

 அவள் போகாமல் சுவரோரமாக நின்றுகொண்டாள். அவளுக்கும் ஒரு பதில் வேண்டியிருந்தது.

வரிசை தீர்ந்தது. வளைவில் பால் வண்டியின் ஆரன் கேட்டது. பாண்டியராஜன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மாப்ள, ஒயர உருவு."

"காலையில செத்துச்சுல்ல மாமா, இப்ப ஓடுது பாருங்க..."

"அதான் பயமா இருக்கு. ஏன் செத்துச்சுன்னும் தெரியல, ஏன் ஓடுதுன்னும் தெரியல. உருவு."

மலையாண்டியின் கை பிளக்கை நோக்கிப் போனது. அப்போதுதான் காளை வேர்க்க விறுவிறுக்க ஒரு தூக்குச் சட்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"இருங்க மச்சான். எங்க பால அளந்துட்டு அப்பறம் உருவுங்க."

"நீங்க சாயந்தரப் பால டீக்கடைக்குத்தானப்பா குடுப்பீங்க?" என்றான் மலையாண்டி.

"இன்னிக்கு இல்லன்னுட்டேன். எம்மவன் போட்ட மிசினு போகுதுன்னா, கடைசிப் பாலு எங்க பாலா இருக்கட்டும்."

சட்டைப்பைக்குள்ளிருந்து பாலித்தீன் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து அட்டையை எடுத்து, மிசினில் காட்டினார். பாலை ஊற்றினார். சீட்டு வந்தது. அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, சட்டியை எடுத்து ஓர் எட்டு நகர்ந்தார்.

கம்ப்ரசர் தும்மியது. திரை கறுத்தது.

"நான் தொடல," என்றாள் சோணையம்மாள் சுவரோரத்திலிருந்து.

பாண்டியராஜன் கைச் சுவிட்சைப் போட ஓடினார். மலையாண்டி கோப்பைத் திறந்தான். அவசரத்தில் ஒரு முறை தப்பாக அழுத்தினான். கோப்பின் அடியில், இதுவரை வெறுமையாகவே இருந்த இடத்தில், எழுத்து இருந்தது.

மலையாண்டி, மொட்டையன் வகையறா. காளை, மொட்டையன் வகையறா. மலையாண்டி, மொட்டையன் வகையறா. காளை, மொட்டையன் வகையறா. அதற்குக் கீழேயும் அதேதான்.

ஒரு நிமிடம் யாரோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்தான். அவன் பெயர், அப்பா பெயர், அவன் பெயர், அப்பா பெயர். சங்கத்தில் அவன் பெயருக்கு வேலையே இல்லையே. உறுப்பினராக இருந்தவர் தாத்தா. அவர் செத்ததும் சங்கத்துப் பங்கு அப்பா பேருக்கு வந்தது. பின்னால் ஓடுகிற திரெட் செய்வது அதைத்தான்: இந்தப் பங்கு யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று பெயரைப் பிடித்துக்கொண்டே மேலே போய், முதன்முதலில் சேர்ந்த ஆளில் முடிக்கும். பழைய ஆட்களுக்கு எண் கிடையாது என்பதால் பெயரையும், குடும்பக் கிளையான வகையறாவையும் வைத்துத் தேடச் சொல்லியிருந்தான். ஒரே பெயரில் ஊரில் பலர் இருப்பார்கள், வகையறாவையும் சேர்த்தால் குழப்பம் வராது என்று அப்போது தன்னைத்தானே மெச்சிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

"அப்பா, அந்த அட்டையக் குடுங்க."

காளை பையைப் பொத்திக்கொண்டார். "எதுக்குய்யா?"

"குடுங்கப்பா."

அட்டையில் அச்சடித்திருந்த பெயர்: மலையாண்டி.

"போன வாரம்தான் மாத்துனேன்," என்றார் காளை, பிடிபட்டவர் மாதிரி. "பங்கு உன் பேர்ல இருக்கட்டும்னு. பொங்கலுக்குக் கையில குடுக்கலாம்னு சொல்லாம வச்சிருந்தேன்."

"போன வாரம்," என்றான் மலையாண்டி. ஓடையில் ஓடிய பால் அவன் கண்ணுக்குள் ஓடியது. பேரனிலிருந்து அப்பனுக்கு, அப்பனிலிருந்து தாத்தாவுக்கு என்று மேலே ஏறிய புரோகிராம், தாத்தாவைத் தேடும்போது அதே பெயரில், அதே வகையறாவில், புதிதாக வந்து நிற்கிற பேரனைக் கண்டுபிடித்திருக்கிறது. அவனிடமிருந்து திரும்ப அப்பன். திரும்பப் பேரன். முடிவே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடுக்கு நிறைந்து, மூச்சு நின்றுபோயிருக்கிறது. தாத்தா பெயரைத் தாங்குகிறவன்தான் பேரன். அது தெரியாத ஊரில் பிறந்தவன் எழுதியிருந்தாலாவது மன்னிக்கலாம்.

வண்டி வாசலில் வந்து நின்றது. பாண்டியராஜன் அவனையே பார்த்தார்.

"என்னத்தால செத்துச்சு?"

"என்னாலதான் மாமா," என்றான். குரல் உயராமல் பார்த்துக்கொண்டான். "எங்க தாத்தா பேரும் எம்பேரும் ஒண்ணு. மிசினுக்கு ரெண்டு பேரையும் பிரிக்கத் தெரியல. நான் சொல்லிக் குடுக்கல. அப்பா காலையில ஊத்திட்டு நகந்த பெறகுதான் அது கணக்கப் பாக்கும். அடுத்து நிக்கிறது எப்பவும் சோணை அத்தை. பழி அவுங்க மேல விழுந்திருச்சு."

சோணையம்மாள் சுவரை விட்டு வந்தாள். "அப்ப என் கை இல்ல?"

"இல்ல அத்த."

"கேட்டுக்கங்க," என்றாள், கேட்க அங்கே அதிகம் பேர் இல்லாவிட்டாலும். "தாத்தனும் பேரனும் இடிச்சுக்கிட்டதுக்கு என்னயப் போட்டு மிதிச்சீங்களே."

பாண்டியராஜன் ஏதோ ஞாபகம் வந்தவராகச் சிரித்தார். "மாப்ள, பேரு மாத்துன அன்னிக்கு உங்கப்பன் என்ன சொன்னாருன்னு தெரியுமா? மலையாண்டி பி.இ.ன்னு போடச் சொன்னாரு. அப்படியேதான் அடிச்சேன். நடுவுல புள்ளி இருக்குன்னு உன் மிசினு ஏத்துக்க மாட்டேன்னுருச்சு. அதுனால வெறும் மலையாண்டின்னு போட்டேன்."

பெயரில் எழுத்துகளைத் தவிர வேறெதையும் அனுமதிக்கக்கூடாது என்று அந்தக் கட்டத்துக்குக் கட்டுப்பாடு எழுதியவனும் அவன்தான். அந்த இரண்டு எழுத்தும் உள்ளே போயிருந்தால் பேரனுக்கும் தாத்தாவுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கும். ஒரு நாள்கூடச் செத்திருக்காது.

"சரி விடு, காரணம் தெரிஞ்சுபோச்சுல்ல," என்றார் பாண்டியராஜன். "காளை, திரும்ப உம்பேருக்கே மாத்திருவோம். சோலி முடிஞ்சுது."

"மாட்டேன்," என்றார் காளை.

"ஏன்யா?"

"அது எங்கப்பன் பேரு மச்சான். எம்மவன் பேரு. அதுல என்ன தப்பு இருக்கு? தப்பு மிசினுலதான இருக்கு. அத மாத்தச் சொல்லுங்க."

மலையாண்டி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இனிமேல் பெயரைத் தேடக்கூடாது. உயிரோடு இருக்கிறவர்களுக்கு இருப்பது போல, செத்துப்போனவர்களுக்கும் எண் கொடுக்க வேண்டும். வண்டிக்காரர் குழாயை மாட்டிப் பாலை வண்டிக்கு ஏற்றினார். மிசினை ஏற்றச் சொல்லி ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. தாத்தாவுக்கு ஓர் எண், அப்பாவுக்கு ஓர் எண், தனக்கு ஓர் எண். எழுதி முடித்து, மீண்டும் ஓடவிட்டான். பாண்டியராஜன் கைச் சுவிட்சை அணைத்தார். கம்ப்ரசர் இப்போது மிசின் சொல்வதைக் கேட்டு உறுமியது.

"அப்பா, அட்டையக் காட்டுங்க."

ஊற்றப் பால் இல்லை. காளை வெறும் சட்டியைத் தராசில் வைத்து அட்டையைக் காட்டினார். சீட்டு வந்தது. சட்டியை எடுத்துக்கொண்டு ஓர் எட்டு நகர்ந்தார். இனி அடுத்தவர் முறை. நாலு பேரும் கம்ப்ரசரைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். வண்டிக்காரரும் என்னவென்று தெரியாமலே அவர்களோடு சேர்ந்து காதைக் கொடுத்தார்.

சோணையம்மாள் முன்னால் வந்து, தன் உள்ளங்கையை முழுதாக மிசின்மேல் வைத்தாள். எடுக்கவில்லை. அது உறுமிக்கொண்டே இருந்தது.